அந்தக் கையை எடுத்துவிட்டால் என்ன குறையும்? ரொக் கிட்டாரில் 'பெரியாள்' யார் என்று கேட்பவர்களுக்கு

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் என் அக்காவின் வீடு. கரையோர ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அங்கே போயிருந்தபோது பதினைந்து வயது மருமகன் கையில் தொலைபேசியோடு வந்து நின்றான். "மாமா, கூட வேகமா அடிக்கிறவர்தானே பெரியாள்? என்னோட படிக்கிறவன் இல்லையெண்டு சண்டை பிடிக்கிறான்."

இந்தச் சண்டை எனக்குப் பழையது. காலிமுகத்திடலில் மதிலில் ஏறி இருந்து, கையில் இறால் வடையோடு, நண்பர்களுடன் இதையே பிடித்திருக்கிறேன். ஒருவன் ஹென்ட்ரிக்ஸ் என்பான், இன்னொருவன் லெட் செப்பெலின் குழுவின் ஜிமி பேஜ் என்பான், மூன்றாமவன் கில்மோரைத் தவிர வேறு யாரையும் ஒத்துக்கொள்ள மாட்டான். வடை ஆறிப்போகும், சண்டை ஆறாது. ஆறாததற்குக் காரணம் பிறகுதான் விளங்கியது. 'பெரியாள்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருவன் விரலின் திறமையைச் சொன்னான், ஒருவன் சத்தத்தின் அழகை. இன்னொருவன் சொன்னது, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துப் பழகினார்கள் என்பதை.

இந்தக் கட்டுரை ரொக் இசைக்குப் புதிதானவர்களுக்கு. கிட்டார் வாசிக்கத் தெரியவேண்டியதில்லை, காது இருந்தால் போதும். நாதஸ்வரத்தையோ தவிலையோ கோயில் திருவிழாவில் நின்று கேட்டவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஏனென்றால் இந்தச் சண்டையை எங்கள் பெரியவர்கள் எப்போதோ பிடித்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்துத் தட்சணாமூர்த்தியின் தவிலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என் பெரியப்பா விடியும்வரை நிறுத்தமாட்டார். சுநாதம் (இனிய சத்தம்), கமகம் (சுரத்தை அசைத்து வழுக்குவது), காலப்பிரமாணம் (தாளம் பிசகாமை), பாணி (தனி வழி) என்று அவர் அடுக்கும் சொற்கள் ரொக் கிட்டாருக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் வேகத்தைப் பார்த்துவிடுவோம். மருமகன் கேட்டதும் அதைத்தானே. வேகம் பெரிய விஷயந்தான், அதைப் பழிக்க மாட்டேன். எடி வான் ஹேலன் 1978-இல் தன் குழுவின் முதல் இசைத்தட்டில் இரண்டு நிமிடம்கூட நீளாத ஒரு தனி வாசிப்பைப் போட்டார். வலது கை விரல்களையும் கிட்டாரின் கழுத்துக்குக் கொண்டுவந்து, பியானோ கட்டைகளைத் தட்டுவதுபோலக் கம்பிகளைத் தட்டினார். சின்ன வயதில் பியானோ பழகியவர் அவர். அந்த முறை அவருக்கு முன்பும் இருந்தது. 70களின் தொடக்கத்திலேயே ஜெனிசிஸ் குழுவின் ஸ்டீவ் ஹேக்கெட் அதைச் செய்திருக்கிறார். ஆனால் எடி செய்த பிறகுதான் உலகம் முழுவதும் பிள்ளைகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பழகினார்கள். அவர்களில் பலர் அவரைவிட வேகமாகவே வாசித்தார்கள். அந்தப் பலரின் பெயர் இன்று யாருக்கும் வாயில் வருவதில்லை. வேகமாகப் பிர்கா உருட்டும் பாடகருக்குச் சபை கைதட்டும். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் வாய் முணுமுணுப்பது வேறொரு இடத்தை. எடியின் வாசிப்பு மனதில் நிலைத்ததற்குக் காரணம் அந்த வேகத்துக்குள் சிரிப்பு இருந்தது, ஓர் ஏற்ற இறக்கம் இருந்தது. எங்கே மூச்சு விடவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, சத்தத்துக்கு வருவோம். இது கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்கவேண்டிய இடம்.

மின்கிட்டாரில் ஆறு உருக்குக் கம்பிகள். அவற்றுக்குக் கீழே பிக்கப் என்ற சிறு கட்டை. அதற்குள்ளே காந்தம், காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே உருக்குக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் கலையும், செப்புச் சுருளில் சின்னதாக மின்னோட்டம் பிறக்கும். அதை அம்ப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். அம்ப் தாங்கும் அளவைத் தாண்டி அனுப்பினால் அலையின் மேடும் பள்ளமும் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். சத்தம் கரகரத்துத் தடிக்கும், சீக்கிரம் அடங்காமல் நீளும். இதைத்தான் டிஸ்டோர்ஷன் என்கிறார்கள். அம்ப் செய்தவர்கள் இதைக் குறை என்றே நினைத்தார்கள். ரொக் இசைக்காரர்கள் அந்தக் குறையைக் குரலாக்கினார்கள்.

அந்தக் குரலில் யாரும் அதுவரை பேசாததைப் பேசியவர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். இடக்கைக்காரர். வலக்கைக்காரருக்குச் செய்த ஃபெண்டர் ஸ்ட்ரெட்டோகாஸ்டர் என்ற கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மாற்றிக் கட்டி வாசித்தார். கோயிலில் மைக்கை ஸ்பீக்கருக்குக் கிட்டக் கொண்டுபோனால் 'கூ' என்று கத்துமே, கிட்டாரும் அப்படிக் கத்தும். ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் கம்பியை அதிரவைக்கும், பிக்கப் அதைப் பிடித்து மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பும், சுற்றிச் சுற்றி வளரும். மற்றவர்கள் அந்தக் கத்தலை ஓடிப்போய் நிறுத்துவார்கள். ஹென்ட்ரிக்ஸ் உடம்பைச் சற்றே திருப்பி, அம்புக்கு எவ்வளவு கிட்ட நிற்பது என்று பார்த்து, அந்தக் கத்தலைச் சுரமாக்கி வாசித்தார்.

1969 ஓகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை. அமெரிக்காவில் நடந்த வூட்ஸ்டொக் இசை விழா ஞாயிற்றுக்கிழமையே முடிந்திருக்கவேண்டும். கூட்டத்தில் பெரும்பகுதி கலைந்துபோன பிறகு அவர் மேடையில் நின்று அமெரிக்கத் தேசிய கீதத்தைப் பாடாமல் கிட்டாரில் வாசித்தார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். அவரே முன்பு அமெரிக்கத் தரைப்படையில் பரசூட் வீரராக இருந்தவர். அந்தக் கீதத்தின் வரிகளில் ராக்கெட்டும் வெடிக்கும் குண்டும் வரும் இடம் ஒன்று உண்டு. அங்கே வந்ததும் மெட்டை விட்டுவிட்டுக் கிட்டாரைக் கதறவைத்தார். விமானம் தாழ இறங்குகிறது, ஏதோ விழுகிறது, யாரோ அலறுகிறார்கள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல மெட்டு திரும்பி வருகிறது. எங்கள் நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்கத் தேவையில்லை. நான் முதல்முறை கேட்டபோது என் கை தானாகவே காதைப் பொத்தப் போனது.

ஒரு சொல்லும் பாடாமல் அவ்வளவையும் சொன்னார் என்பதற்காகத்தான் என் பட்டியலில் அவர் முதலில் நிற்கிறார். அவருடைய பெயரில் முதல் சிறு இசைத்தட்டு வந்தது 1966 கடைசியில். 1970 செப்டெம்பரில், 27 வயதில் இறந்துபோனார். நான்கு வருடமும் இல்லை.

இனிக் கமகம். எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். இதை விளக்கியது நான் இல்லை, மருமகனின் அக்கா. அவள் வீணை பழகுகிறாள், வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். தம்பியின் கேள்வி அவள் காதிலும் விழுந்திருக்கவேண்டும். வீணையை மடியில் வைத்தபடியே, "இங்க வா தம்பி, இதைப் பார்" என்று கூப்பிட்டாள். வீணைக் கழுத்தின் குறுக்கே இருக்கும் மெட்டுக் கட்டைகளில் ஒன்றில் விரலை வைத்தாள், ஒரு தடவை மீட்டினாள். விரலை அந்த மெட்டை விட்டு எடுக்கவே இல்லை. கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தாள், சுரம் ஏறியது. இன்னும் இழுத்தாள், இன்னொரு சுரம். மெல்ல விட்டாள், இறங்கி வந்து நின்றது. ஒரே மீட்டில் மூன்று சுரம், அவற்றுக்கு இடையில் வழுக்கிக்கொண்டு போன பாதை முழுவதும் காதில் விழுந்தது.

கிட்டாரில் இதற்குப் பெயர் பெண்டிங். கம்பியை இழுக்கும்போது இறுக்கம் கூடும், இறுக்கம் கூடினால் சுருதி ஏறும். வீணையும் கிட்டாரும் இந்த இடத்தில் ஒரு தாய்ப் பிள்ளைகள். ஏறிய சுரத்தில் நின்று விரலை அசைத்து நடுங்கவைப்பதை வைப்ராட்டோ என்கிறார்கள். பியானோவில் இது முடியாது, அங்கே சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் சுவர் இருக்கிறது. கம்பியில் சுவர் இல்லை. மனிதத் தொண்டை செய்வதைக் கம்பி செய்கிறது. அழுகைக்குக் கிட்ட வருகிறது, அதட்டலுக்குக் கிட்ட வருகிறது.

எவ்வளவு இழுப்பது, எவ்வளவு நேரம் எடுத்து இழுப்பது, எப்போது நடுங்கவைக்கத் தொடங்குவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். கையெழுத்து மாறுவதுபோல. பி.பி. கிங் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசைக்காரர், ரொக் கிட்டாரின் தகப்பன்மாரில் ஒருவர். அவர் ஒரே ஒரு சுரத்தை வாசித்து விரலை நடுங்கவைத்தால் போதும், வானொலியில் அடுத்த அறையிலிருந்து கேட்டாலும் ஆள் யாரென்று தெரியும். கோர்ட், அதாவது பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கவைப்பது, தனக்கு வராது என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பாடும்போது கிட்டார் நிற்கும், கிட்டார் பேசும்போது குரல் நிற்கும். கச்சேரியில் பாடகரும் வயலினும் மாறிமாறிப் பேசிக்கொள்வதுபோல, ஒரே ஆளுக்குள் இருவர். பிங்க் ஃபுளோய்டின் டேவிட் கில்மோர் இன்னொரு விதம். வேகத்தை வைத்துப் பார்த்தால் எந்தப் போட்டியிலும் அவர் முதல் சுற்றில் வெளியே. ஆனால் 1979-இல் அவர் வாசித்த சோலோ (தனி வாசிப்பு) ஒன்றை ஆரம்பம் முதல் முடிவுவரை வாயால் முணுமுணுக்கக்கூடியவர்கள் இந்தக் கொழும்பிலேயே நூற்றுக்கணக்கில் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர் அவசரப்படாமல் இழுப்பார். சுரம் போய்ச் சேரும்வரை நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம்.

ஆக, ஒரு கிட்டார்க்காரரை எடைபோட நான் கேட்கும் கேள்வி இதுதான்: அந்தக் கையை எடுத்துவிட்டு வேறொரு நல்ல கையை அங்கே வைத்தால், பாட்டில் என்ன குறையும்? ஒன்றும் குறையாது என்றால் அவர் திறமைசாலி, அவ்வளவுதான். பாட்டே வேறு பாட்டாகிவிடும் என்றால் அவர் பெரியாள்.

இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினால் சோலோ வாசிக்காதவர்களும் உள்ளே வருவார்கள். கொழும்பில் கல்யாண மண்டபங்களில் இரவு பத்துப் பதினொரு மணிக்கு மேலே பைலா தொடங்குமே, அப்போது தாளக் கிட்டார் வாசிப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? யாரும் அவரைப் பார்ப்பதில்லை. ஆனால் அவர் ஒரு தட்டுப் பிந்தினால் ஆடுகிற கால்கள் அத்தனையும் தடுமாறும். ஏஸி டீஸி குழுவில் மல்கம் யங் அந்த ஆள். தம்பி அங்கஸ் பள்ளிச் சீருடையில் மேடை முழுவதும் ஓடுவார், அண்ணன் பின்னால் அம்புக்குப் பக்கத்தில் நின்று தாளம் பிடிப்பார். இரண்டு கோர்ட்டுக்கு நடுவே அவர் விடும் மௌனம் இருக்கிறதே, அந்த இடைவெளிதான் கேட்பவரின் தலையை ஆட்டவைப்பது. காலப்பிரமாணம் என்று எங்கள் வித்துவான்கள் சொல்வது இதைத்தான். ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் ஒருபடி மேலே போனார். தடித்த ஆறாம் கம்பியைக் கழற்றிவிட்டு, மற்ற ஐந்தையும் விரல் வைக்காமல் மீட்டினாலே ஒரு கோர்ட் வருகிறமாதிரிச் சுருதி கூட்டிக்கொண்டார். ஐந்து கம்பி, இரண்டு மூன்று விரல். அதிலிருந்து வந்த ரிஃப்களை, அதாவது திரும்பத் திரும்ப வந்து பாட்டையே தாங்கும் அந்தச் சின்னத் துண்டுகளை, ஆறு கம்பியில் வாசித்துப் பாருங்கள், ஏதோ இடறும்.

பாணிக்கு வந்தால், நான் எப்போதும் முதலில் சொல்வது டோனி அயோமியின் கதை.

இங்கிலாந்தில் பேர்மிங்ஹாம், தொழிற்சாலை நகரம். பதினேழு வயதில் அயோமி ஒரு தகரத் தொழிற்சாலையில் வேலை செய்தார். இயந்திரம் வலது கையின் நடுவிரலிலும் மோதிர விரலிலும் நுனிகளைப் பிடுங்கிவிட்டது. அவரும் இடக்கைக்காரர், ஆகவே கம்பியை அழுத்துவது அந்த வலக்கைதான். இனிக் கிட்டார் இல்லை என்று இருந்தவரிடம் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக்காட்டினார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-இல் தீவிபத்தில் இடதுகையின் இரண்டு விரல் முடங்கியும் ஐரோப்பாவின் தலைசிறந்த ஜாஸ் கிட்டார்க்காரர்களில் ஒருவரானவர். அயோமி ஒரு பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், மேலே தோல் ஒட்டினார். தடித்த கம்பி வலித்தது, மெல்லிய கம்பி போட்டார். பிறகு கம்பிகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். அவருடைய குழுவான பிளாக் சபத்தின் 1971-ஆம் ஆண்டு இசைத்தட்டில் வழக்கத்தைவிட மூன்று அரைச்சுரம் கீழே போய்விட்டார். விரலுக்கு இதமாக இருந்தது. சத்தமோ பாறை உருள்வதுபோல ஆனது.

அந்தச் சத்தத்திலிருந்து பிறந்ததுதான் ஹெவி மெட்டல் என்ற கனத்த ரொக் வகை. இன்று கொழும்பில் கறுப்பு டீசேர்ட் போட்டுக்கொண்டு மெட்டல் வாசிக்கும் பிள்ளைகள் கம்பியைத் தளர்த்திச் சுருதி இறக்கும்போது, பேர்மிங்ஹாமில் நுனி இல்லாத இரண்டு விரல் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள். அவரை எடுத்துவிட்டால் ஒரு பாட்டு மட்டுமா குறையும்? ஒரு தெருவே இல்லாமல் போகும்.

விலை உயர்ந்த கிட்டார் வேண்டும் என்று பிள்ளைகள் சொல்வது எனக்கு விளங்கும். 2022-இல் ரூபாய் விழுந்தபிறகு இறக்குமதிக் கிட்டார் ஒன்றின் விலையைக் கேட்டாலே வயிறு கலங்கும். ஆனாலும் குயீன் குழுவின் பிரையன் மே தன் கிட்டாரைத் தகப்பனோடு சேர்ந்து வீட்டிலேயே செய்தார். 1963-இல் தொடங்கிய வேலை. கழுத்துக்கு எடுத்த மரம் பழைய கணப்படுப்பின் பலகை. மேடைகளில் இத்தனை வருடம் அவர் வாசித்தது அதைத்தான், அதுவும் ஒரு பழைய ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டி.

பத்திரிகைகள் போடும் பட்டியல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரோலிங் ஸ்டோன் இதழ் 2003-இல் நூறு பேரையும் 2023-இல் இருநூற்றைம்பது பேரையும் வரிசைப்படுத்தியது. இரண்டிலும் முதலிடம் ஹென்ட்ரிக்ஸுக்கு. யாரைக் கேட்பது என்று தெரியாத தொடக்கக்காரருக்கு இந்தப் பட்டியல்கள் நல்ல வழித்துணை. ஆனால் வரிசை எண்ணை நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள். சகோதரி ரொசெட்டா தார்ப்பின் கதை ஒன்று போதும். 1915-இல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பிறந்த கறுப்பினப் பெண். ரொக் என்ற பெயர் புழக்கத்துக்கு வருமுன்பே தேவாலயப் பாட்டை மின்கிட்டாரோடு சேர்த்துக் கரகரத்த சத்தத்தில் வாசித்தவர். 1964-இல் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ரயில் நிலையம் ஒன்றில், மழையில், நீண்ட கோட்டோடு நின்று அவர் வாசித்த படக்காட்சி இருக்கிறது. அந்த வலது கை கம்பியை வெட்டுகிற விதத்தைப் பாருங்கள், பிறகு வந்த எத்தனையோ பேரின் மூலம் அதில் தெரியும். ரொக் இசைக்கான புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2018-இல். அவர் இறந்து ஏறக்குறைய 45 வருடம் கழித்து. இது எனக்கு இன்றும் கோபம் தரும் விஷயம்.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, ஒரே பாட்டை நாலு தரம் கேளுங்கள். முதல் தரம் சும்மா கேளுங்கள். அடுத்ததில் பாடகரை மறந்து கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள், காதுக்குள் வைக்கும் இயர்போன் இருந்தால் இரண்டு கிட்டார்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து கேட்கும். அப்புறம் சோலோ வரும்போது வாசிக்கப்பட்ட சுரங்களை விட்டு, நிறுத்திய இடங்களைக் கவனியுங்கள். நாலாவது தரம் கேட்கும்போது, அந்தக் கை அங்கே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்துவிட்டு நண்பனோடு வாக்குவாதப்படுங்கள், வாக்குவாதம் இனிக்கும். நீங்கள் கில்மோர் என்றும் அவன் அயோமி என்றும் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பது இருவருக்குமே தெரிந்திருக்கும்.

மருமகனுக்கும் இதையெல்லாம் சொன்னேன். உன் சிநேகிதன் சொன்னதுதான் சரி என்றபோது அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு கிட்டாரை எடுத்துவந்தான். கடல்காற்றில் கம்பிகள் ஏற்கெனவே துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தன, விரலில் பழுப்பு நிறம் ஒட்டியது. மூன்றாவது கம்பியில் ஒன்பதாம் ஃப்ரெட்டை (வீணையின் மெட்டுப் போன்ற குறுக்குக் கட்டை) வாசித்து அந்தச் சுரத்தைக் காதில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு அதே கம்பியில் ஏழாம் ஃப்ரெட்டில் விரலை வைத்து, அந்தச் சுரம் வரும்வரை இழுக்கவேண்டும். முழுச்சுரம் ஏறவேண்டும். இழுத்தான், போய்ச் சேரவில்லை. மறுபடி ஒன்பதாம் ஃப்ரெட்டை வாசித்துப் பார்த்தான், மறுபடி இழுத்தான். மோதிர விரலுக்குத் துணையாகப் பக்கத்து இரண்டு விரலையும் சேர்த்து வைக்கக் காட்டினேன். பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் ஒன்று கீழே கடந்தது, கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தான்.

உள்ளறையிலிருந்து அவன் அக்காவின் குரல் வந்தது. "இன்னும் கொஞ்சம், தம்பி."